நர்மதாவின் ஜன்னல்

வடக்கனந்தல்
9.11.2020

அன்புள்ள நர்மதாவுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் மலையிலிருந்து இறங்கி வர நாலைந்து நாள் ஆகும்; அதனால் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். இதை வெள்ளிமலை பஸ் கண்டக்டர் சின்னராசு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். "இன்னாம்மா, செல்போன் காலத்துல கடுதாசி எழுதிக்கினு கீற?" என்று சிரித்தார். "மலையில டவர் வெச்சிக் குடுங்க, நிறுத்திக்கிறேன்" என்றேன்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். எடுத்தவுடன் திட்டாதே, முழுவதும் படி.

பி.ஏ. தமிழ் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போய் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோமே, அதெல்லாம் கொரோனாவோடு போயிற்று. இப்போது நம் தொலைநிலைக் கல்வி வகுப்பு முழுவதும் போனில்தான். செவ்வாய், வியாழன், சனி, காலை பத்து மணிக்கு. முக்கால்வாசி வகுப்பில் பெயர் இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்களாம். உன் பெயர் ஒரு நாளும் இல்லை. "நர்மதா இப்படியே வரலன்னா பேரை எடுத்துடச் சொல்லுவாங்களேம்மா" என்றார் சிவசங்கர் சார். கட்டுரை அனுப்பச் சொல்லி நீ கொடுத்த பாஸ்வேர்டு என்னிடம்தானே இருந்தது? என் வீட்டுக்காரரின் பழைய போனில் உன் பெயரைப் போட்டு உள்ளே போய்விட்டேன். இப்போது என் மடியில் இரண்டு போன். ஒன்றில் நான் கண்ணகி, இன்னொன்றில் நான் நீ.

சார் ஏதாவது கேட்டால், "மைக் வேலை செய்யவில்லை ஐயா" என்று உன் பெயரில் டைப் அடித்துவிடுவேன். பாதிப் பேர் அப்படித்தான். திரை முழுக்கக் கறுப்புக் கட்டம், அடியில் ஒரு பெயர். யார் கேட்கிறார்கள், யார் குழம்பு தாளிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. சாருக்கு இது தாங்கவில்லை. "இருட்டு ரூம்ல பேசற மாதிரி இருக்கும்மா" என்கிறார். அதற்காக ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறார். பாடம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் அவரவர் ஜன்னலுக்கு வெளியே அந்த நேரம் என்ன தெரிகிறது என்று ஓரிரு வரி சொல்ல வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நினைப்பு வருமாம்.

என் வரிக்குக் கவலை இல்லை. எதிர் வீட்டுச் சுவர், அதில் காய்கிற வரட்டி. உன் வரிக்கு எங்கே போவேன்? முதல் நாள் "மலை தெரிகிறது" என்று போட்டேன். "மலை மேல இருக்கறவங்களுக்கு மலை எப்படிம்மா தெரியும்?" என்று சார் கேட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், போ.

ஆகவே தாயே, உன் ஜன்னலில் தெரிவதை எழுதி அனுப்பு. நம் கதை வேறு, வகுப்புக் கதை வேறு. கடிதத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, வகுப்புக்கு உரியதை அதற்குக் கீழே எழுது. கோட்டுக்கு மேலே இருப்பதை உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டேன்.

உன்,
கண்ணகி அக்கா


தும்பைக்காடு, கல்வராயன் மலை
13.11.2020

அன்புள்ள கண்ணகி அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் முதலில் வந்தது பயம்தான் அக்கா. நன்றி கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

நான் இங்கே சாமை புடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு நான் அங்கே உட்கார்ந்து "வணக்கம் ஐயா" என்கிறாள் என்றால் மனசுக்கு எப்படியோ இருக்கிறது. பிடிபட்டால் இருவர் பெயரையும் அடித்துவிடுவார்கள். ஆனாலும் விட்டுவிடுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழேயிருந்து வாத்தியார்கள் வருகிறார்கள், மழை பெய்தால் வருவதில்லை. நான் வாத்தியார் ஆனால் மழை பெய்தாலும் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது.

டவருக்கு நான் முயற்சி செய்யாமல் இல்லை. கரடிப்பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். ஏறி முடிப்பதற்குள் வகுப்பு பாதி போய்விடும். தனியாக அனுப்ப என் வீட்டுக்காரர் கரியனுக்கும் மனசு இல்லை. பாறைக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை.

என் மாமியார் ராணியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். "எவளோ ஒன் பேர்ல பட்சிக்கினு கீறான்னா, பட்டம் எவளுக்குடி வரும்?" என்று கேட்டார்கள்.

இன்னொரு சங்கடம். எங்கள் வீட்டில் ஜன்னலே இல்லை. இந்தக் காற்றுக்கும் குளிருக்கும் இங்கே யாரும் வைப்பதில்லை, கதவு ஒன்றுதான். கதவுக்கு வெளியே தெரிவதை எழுதுகிறேன். நீங்கள் ஜன்னல் என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நர்மதா

————
எங்கள் வெள்ளாடு கடுக்காய் மரத்தில் முன்னங்காலை வைத்து நின்று இலை தின்கிறது. அது எட்டாத இலையைத்தான் பார்க்கிறது, எட்டுகிற இலையை மிதிக்கிறது.

மேகம் பள்ளத்திலிருந்து மேலே வருகிறது. கீழ்வீடுகள் முதலில் மறையும், அப்புறம் நாங்கள்.


வடக்கனந்தல்
21.11.2020

அன்புள்ள நர்மதாவுக்கு,

உனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே? இங்கே சின்னவளுக்கு இரண்டு நாள் இருந்து விட்டுவிட்டது. என் காய்ச்சல் வேறு மாதிரி. பொறாமைக் காய்ச்சல்.

உன் ஆட்டை வகுப்பில் டைப் அடித்தேன். சார் அதை வாய்விட்டுப் படித்தார். நம் வகுப்பில் கருணாபுரத்திலிருந்து மணிமொழி என்று ஒருத்தி இருக்கிறாள். கொத்து வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவள், ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவள் திடீரென்று கேமராவைப் போட்டு, "எங்க வூட்டாண்டயும் ஒரு ஆடு கீதுங்க ஐயா, அதுவும் இப்டித்தான்" என்று தெருவைக் காட்டினாள். அதைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். கறுப்புக் கட்டமெல்லாம் முகமாக மாறிவிட்டது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம்.

இப்போது வகுப்பு தொடங்கியதும் "நர்மதா இன்னிக்கு என்ன சொல்றாங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் வரட்டிச் சுவரை ஒரு ஆள் கேட்பதில்லை. சார் உன் வரிகளை ஒரு மலைப் படத்தின் மேல் அச்சடித்து, "நர்மதாவின் ஜன்னல்" என்று தலைப்பும் போட்டு, கீழே உன் பெயர், ஊர் எல்லாம் எழுதி வாட்ஸப் குரூப்பில் போடுகிறார். அது எங்கெங்கோ சுற்றி என் ஓரகத்தி போனுக்கே வந்துவிட்டது. "ஒன்னோட பட்சவளா இவ?" என்று கேட்டாள். ஆமாம் என்று பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பேருக்குத் தெரிந்த நர்மதாவை ஒரு நாள் சார் கேமரா போடச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

என் தம்பி அஜித் வந்திருந்தான். எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு டிசம்பர் ஒன்றாம் தேதி சென்னைக்கு வேன் வேனாகப் போகிறார்களாம். உன் ஜன்னல் படத்தைப் பார்த்துவிட்டு, "மலைக்காரங்களுக்கு எல்லாம் கெடைச்சிடுதுக்கா, நமக்கு இன்னா கீது?" என்றான். "எல்லாம் கெடைச்சவளுக்கு டவர் ஒரு கோடு கெடைக்கலடா" என்று சொல்லி அனுப்பினேன். கோபப்படாதே, அவன் கெட்டவன் இல்லை. படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிறான்.

புயல் வருகிறது என்கிறார்கள். பத்திரமாக இரு. அடுத்த ஜன்னலைச் சீக்கிரம் அனுப்பு, கையிருப்பு தீர்ந்துவிட்டது.

உன்,
கண்ணகி அக்கா


தும்பைக்காடு
28.11.2020

அன்புள்ள கண்ணகி அக்காவுக்கு,

புயல் மழை எங்களை நனைத்ததோடு சரி, ஒன்றும் ஆகவில்லை. சின்னவளுக்கு உடம்பு தேவலையா?

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். மணிமொழி வந்த இடத்தை மாமியார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். "நம்ம ஆடு கள்ளக்குறிச்சி வரைக்கும் போய் வந்துச்சா" என்று கரியன் அதற்கு ஒரு பிடி தழை கூடுதலாகப் போட்டார்.

சிரிக்காதீர்கள் அக்கா, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நான் ஹாஸ்டலில் இருந்து படித்தபோது யாரும் என்னிடம் உங்கள் ஊரில் என்ன தெரியும் என்று கேட்டதில்லை. அங்கே எல்லா நாளும் போனேன், ஒருவருக்கும் என்னைத் தெரியாது. இந்த வகுப்புக்கு ஒரு நாளும் போகவில்லை, எல்லோருக்கும் தெரிகிறது. இது சரியா தப்பா என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. யோசிக்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அன்புடன்,
நர்மதா

————
மழை விட்ட காலையில் மேலோடைப் பக்கம், பலா மரங்களுக்குப் பின்னால், ஒரு புகை எழும்புகிறது. மேகம் எல்லாம் வெள்ளையாக இருக்க இது மட்டும் நீலம். இந்த மாதத்தில் யார் கொல்லையைக் கொளுத்துகிறார்கள் என்று தெரியவில்லை. மூன்று நாளாக அதே இடத்தில், அணையாமல்.


தும்பைக்காடு
30.11.2020

கண்ணகி அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. புகையைப் பற்றி நான் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். வகுப்பில் போட வேண்டாம். எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டேன்.

விறகுக்குப் போன இடத்தில் கரியன் பார்த்துவிட்டு வந்தார். அது கொல்லை நெருப்பு இல்லை, சாராய அடுப்பு. ஊறல் பானைகள் ஓடையோரம் புதைத்திருக்கிறதாம். வைத்திருப்பவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை, கீழேயிருந்து வருகிறவர். அவர் பெயரை எழுத எனக்குப் பயம். முதலாளி என்றுதான் சொல்வார்கள். "பாத்தத மறந்துடு, வாயத் தொறந்தா வூட்டோட போயிடுவோம்" என்றார் கரியன்.

இந்தக் கடிதம் நாளை முதல் பஸ்ஸில் வருகிறது. வகுப்புக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். இறங்கியதும் ஓடிவந்து உங்களிடம் கொடுக்கும்படி சின்னராசு அண்ணனிடம் சொல்லுவேன்.

நர்மதா


வடக்கனந்தல்
1.12.2020

அன்புள்ள நர்மதாவுக்கு,

இன்றைக்கு நீ அடித்துத் தூள் கிளப்பிவிட்டாய்! நீலப் புகை! சார் இரண்டு தடவை படித்தார். மணிமொழி, "யாருங்க அது, மூணு நாளா சோறாக்கறாங்க?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். சார் வகுப்பு முடிவதற்குள் படம் தயார் செய்து குரூப்பில் போட்டுவிட்டார். இந்தத் தடவை நல்ல பலா மரப் படம். "அணையாத புகை" என்று தலைப்பு.

காலையிலிருந்து மலை பஸ் வரவில்லை. சென்னைக்குப் போன வேன்களைப் போலீஸ் வழியில் நிறுத்தியதாம், அந்தக் கோபத்தில் இங்கே மலையடிவாரக் கூட்டுரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல். நம் அஜித்தும் நடு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறானாம், அம்மா போன் செய்து அழுகிறாள். இந்தக் கடிதத்தை எப்போது அனுப்ப முடியுமோ தெரியவில்லை.

சாயந்திரம் ஆகிவிட்டது. பஸ் இப்போதுதான் வந்தது. சின்னராசு அண்ணன் இறங்கி ஓடி வந்தார். "காலையிலயே குடுத்துச்சும்மா அந்தப் பொண்ணு. கூட்டுரோட்டுலயே குந்த வெச்சிட்டானுங்க" என்றார்.

படித்துவிட்டேன்.

சாருக்குப் போன் செய்து நர்மதா சொன்னதாகச் சொல்லி அந்தப் படத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் என் ஓரகத்தி போனில் இருக்கிறது, அஜித் போனில் இருக்கிறது, பால்காரர் போனில் இருக்கிறது. உன் பெயரோடும் ஊரோடும் இருக்கிறது. உன் கடிதத்தை நிறுத்தியது என் தம்பி, நர்மதா. புகையை வகுப்பில் போட்டது நான்.

ஒன்றும் ஆகாது என்று எழுத நினைக்கிறேன், எழுத வரவில்லை. உடனே பதில் போடு.

கண்ணகி அக்கா


தும்பைக்காடு
5.12.2020

அன்புள்ள கண்ணகி அக்காவுக்கு,

வியாழக்கிழமை விடியற்காலை போலீஸ் வந்தது. நேராக மேலோடைக்கே போனார்கள், யாரையும் வழி கேட்கவில்லை. ஊறலைக் கொட்டிப் பானைகளை உடைத்தார்கள். இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலாளி அங்கே இல்லை.

அன்று மதியம் முதலாளியின் ஆள் முனியன் எங்கள் வாசலுக்கு வந்தான். போனில் அந்தப் படத்தைக் காட்டினான்.

"இது நீதானே?"

"பேரு எந்துதான். ஆனா எங்கிட்ட டவரே இல்லியே, நான் எப்டி கிளாசுல இருப்பேன்?" என்றேன்.

"அப்ப ஆவி வந்து எழுதிச்சா? செவ்வாக்கெழம பத்து மணிக்கு நீ உள்ள இருந்தன்னு பேரு கீதே, இதோ" என்று இன்னொரு படத்தைக் காட்டினான். வகுப்பின் கட்டங்கள். யாரோ அப்படியே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒரு கறுப்புக் கட்டம், அதில் என் பெயர். எனக்கே ஒரு நிமிஷம் நான் அங்கே இருந்தேனோ என்று ஆகிவிட்டது.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். நீ இல்லன்னா யாருன்னு சொல்லு. சொல்லலன்னா நீதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்று காலை கதவைத் திறக்கப் பார்த்தோம், திறக்கவில்லை. கரியன் தோளால் இடித்தும் திறக்கவில்லை. ஜன்னல் இல்லாத வீடு அக்கா, உங்களுக்குத் தெரியும். மாமியார் கத்தின கத்தலில் பக்கத்துக் கொல்லையிலிருந்து ஆள் வந்து திறந்துவிட்டார்கள். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ஆடு கட்டியிருந்த கயிறு. ஆட்டைக் காணோம்.

நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அது நீங்கள்தான் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இருவர் படிப்பும் போகும், அவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். உங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். இனி என் பெயரில் உள்ளே போகாதீர்கள்.

நர்மதா


வடக்கனந்தல்
8.12.2020

அன்புள்ள நர்மதாவுக்கு,

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் என்னால் செய்ய முடியவில்லை.

இன்றைக்கு ஒரு போனோடுதான் உட்கார்ந்தேன். உன் பெயர் இல்லாததைச் சார் கவனிக்கவில்லை, மணிமொழி கவனித்தாள். "நர்மதாக்கா எங்க? மலையில போலீஸ் ரெய்டுன்னு சொல்றாங்களே, நல்லா கீறாங்களா?" என்றாள். யாரோ ஒருவன், கேமரா போடாதவன், "அதான் பயந்து வரல போல" என்று எழுதினான். எழுதியவன் பெயரைப் படிப்பதற்குள் மேலே போய்விட்டது. அவன்தான் படம் பிடித்து அனுப்பியவனா, அவன் யார் ஆள், ஒன்றும் தெரியாது. நாற்பது கட்டம் நர்மதா, அதில் முக்கால்வாசிப் பேரை நான் பார்த்ததே இல்லை. நீ வரவில்லை என்றால் குற்றம் உன்னுடையது என்று ஆகிவிடுமே என்று பயந்துபோய், பழைய போனை எடுத்து உன் பெயரில் உள்ளே போய் "வணக்கம் ஐயா, நலமாக இருக்கிறேன்" என்று அடித்துவிட்டேன்.

"பாத்தீங்களா, நர்மதா நல்லா இருக்காங்க, வந்துட்டாங்க" என்றார் சார். எல்லோரும் கைதட்டுகிற பொம்மையைப் போட்டார்கள். நீ கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருக்கிறாய். இங்கே நீ நன்றாக இருப்பதற்குக் கைதட்டுகிறார்கள். அதற்கப்புறம்தான் உறைத்தது, டவர் இல்லை என்று நீ சொன்ன ஒரே சாட்சியையும் நானே மறுபடி பொய்யாக்கிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துகிற ஆள் இல்லை. "ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வெச்சிக்கினு நீ வாயத் தொறக்காத கண்ணகி. நான் லோடு ஏத்திக்கினு போனா நாலு நாளு ஆவும் திரும்பி வர" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீ நல்ல பெண், உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று எனக்கு எழுதிவிட்டாய். அதைத் திரும்பத் திரும்பப் படித்து, அவளே சொல்லிவிட்டாளே என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கண்ணகி


வடக்கனந்தல்
10.12.2020

அன்புள்ள நர்மதாவுக்கு,

செய்துவிட்டேன். தடுக்க நீ பக்கத்தில் இல்லை.

இரண்டு போனையும் சம்படத்தின் மேல் சாய்த்து வைத்தேன். பத்து மணிக்கு இரண்டிலும் உள்ளே போய், இரண்டிலும் கேமராவைப் போட்டேன். கண்ணகி கட்டத்திலும் என் முகம், நர்மதா கட்டத்திலும் என் முகம். பின்னால் ஒரே அடுப்படி, ஒரே காலண்டர். சாருக்குப் புரியவே நேரமாயிற்று. "நர்மதா கட்டத்துல யாரும்மா அது?" என்றார்.

"ரெண்டும் நான்தான் ஐயா. அந்தப் பொண்ணு ஒரு நாளும் இங்க வரல. அவ ஊர்ல டவரே கெடையாது. அவளுக்கு இது எதுவும் தெரியாது. வடக்கனந்தல்ல எங்க வூட்டு அடுப்படில குந்திக்கினு மேகம், மரம், பொகை எல்லாத்தையும் நான்தான் கட்டி வுட்டேன். மலைக்கு நான் போனதே இல்ல" என்றேன்.

கடைசியில் மணிமொழிதான் கேட்டாள். "அப்ப அந்த ஆடு?"

"ஆடே கெடையாதும்மா" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் கேமராவை அணைத்துவிட்டாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக அணைத்தார்கள்.

"நர்மதா படத்த எல்லாருக்கும் அனுப்பனீங்க இல்ல, இதயும் வீடியோ புடிச்சி அனுப்புங்க. யாரு வேணும்னாலும் பாக்கட்டும்" என்று சொன்னேன். கேட்க வேண்டியவன் அங்கே இருந்தான், அது எனக்கு நிச்சயம். சார், "இதை நான் மேல சொல்லியாகணும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு என்னை வெளியேற்றினார்கள். முதலில் நர்மதா கட்டம் போயிற்று, அப்புறம் கண்ணகி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு உன் படிப்பை விட உன் கதவு திறப்பது முக்கியமாகப் பட்டது.

கண்ணகி அக்கா


தும்பைக்காடு
14.12.2020

அன்புள்ள கண்ணகி அக்காவுக்கு,

முனியன் நேற்று வந்தான். அந்த வீடியோவை வைத்திருந்தான். கரியனுக்கும் மாமியாருக்கும் போட்டுக் காட்டினான். "ஒங்க பேரச் சொல்லி கத வுட்டுக்கினு இருந்துருக்கா ஒருத்தி" என்று சிரித்தான். எங்களை விட்டுவிட்டான். கதவை இப்போது திறந்து வைத்துத்தான் சமைக்கிறேன்.

நீங்கள் என் உயிரைக் காப்பாற்றினீர்கள். இதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் உங்களிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. அந்த வீடியோவில் உங்கள் முகத்தை எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் பார்த்தேன். இளைத்திருக்கிறீர்கள். அந்த முகம் ஆடே கிடையாது என்று சொன்னது. என்னை நாலு பேருக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான் அக்கா. அங்கே நான் இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டது. உங்கள் மேல் கோபம் இல்லை, ஆனாலும் அன்று முழுவதும் அழுதேன். மாமியார் சாமையை அவர்களே புடைத்தார்கள்.

இப்போது எழுதப்போவதுதான் முக்கியம். முனியன் கிளம்பும்போது சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "மலைக்கே வராதவளுக்கு மேலோடைப் பக்கம் எப்டித் தெரியும்? வடக்கனந்தல்ல எந்தத் தெரு அவ?" தெரியாது என்று மூன்று பேரும் சொன்னோம். அவன் நம்பவில்லை. நீங்கள் ஊர்ப் பெயரை ஏன் சொன்னீர்கள் அக்கா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு களமருதூருக்கு, உங்கள் அம்மா வீட்டுக்கு உடனே போய்விடுங்கள். போய்விட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அது வரும் வரை எனக்குச் சோறு இறங்காது.

இந்தத் தடவை கோட்டுக்குக் கீழே எழுத எனக்கு எதுவும் இல்லை. உங்கள் ஜன்னலில் என்ன தெரிகிறது என்று நீங்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
நர்மதா


வடக்கனந்தல்
17.12.2020

அன்புள்ள நர்மதாவுக்கு,

பிள்ளைகள் இரண்டும் களமருதூரில் இருக்கிறார்கள். அஜித் பைக்கில் கொண்டுபோய் விட்டான். மறியலில் உட்கார்ந்ததற்கு அவனிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவனாகவே அழுதான். உன் கடிதம் அந்த பஸ்ஸில் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் போகவில்லை. வீட்டுக்காரர் லோடு ஏற்றிப் போயிருக்கிறார், இரண்டு மாடு இருக்கிறது, வீட்டைப் போட்டுவிட்டு எங்கே போவது? தெருவில் ஆம்பளைகள் எல்லோரும் இட ஒதுக்கீட்டுக்கு மனு கொடுக்கக் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். தெரு காலியாக இருக்கிறது.

உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆடு இருந்தது நர்மதா. மணிமொழிக்கு மட்டுமாவது ஒரு நாள் அதைச் சொல்லுவேன். நீ படிப்பை விடாதே. அடுத்த வருஷம் வேறு ஏதாவது ஊர்ப் பெயரில் சேர், நேரில் வகுப்பு வைத்ததும் போய் முதல் பெஞ்சில் உட்கார். உன்னை யாரும் மறந்துவிட முடியாது. நான் சொன்ன பொய்யில் ஆடே கிடையாது என்ற ஒன்றைத்தான் என்னால் நம்பும்படி சொல்ல முடியவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. உனக்கும் எனக்கும் பழக்கம் இருப்பது தெரிந்தால் நான் செய்தது எல்லாம் வீண். சின்னராசு அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், இனி நீ கொடுத்தால் வாங்க மாட்டார், நான் கொடுத்தாலும் வாங்க மாட்டார். இவ்வளவு நாள் நான் இரண்டு பேராக இருந்தேன். இனி ஒரு ஆளாக இருக்கப் பழக வேண்டும். உன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும்.

உன்,
கண்ணகி அக்கா

————
எதிர் வீட்டுச் சுவரில் வரட்டி காய்கிறது. சுவரோரம் ஒரு பைக் நிற்கிறது. நேற்றும் நின்றது. அதில் உட்கார்ந்திருப்பவன் போனைப் பார்க்கவில்லை, யாருக்காகவும் காத்திருக்கிற மாதிரியும் தெரியவில்லை. என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இதை யாருக்கும் படித்துக் காட்டாதே.